டாக்டர் ஸேயரும் ஐந்து வயதுப் பையனும்

டாக்டர்களைப் பற்றி நம் வீடுகளில் இரண்டு விதமான பேச்சு உண்டு. "கை ராசிக்காரர், அவர் தொட்டால் போதும்" என்பது ஒன்று. "ஐயோ, அவரா? கத்தியை எடுக்காமல் விடமாட்டாரே!" என்பது மற்றொன்று. ஒரே டாக்டரைப் பற்றி இந்த வீட்டில் முதல் பேச்சும், அடுத்த வீட்டில் இரண்டாவது பேச்சும் நடப்பதையும் நாம் கேட்டிருக்கிறோம்.

இன்று நான் உங்களுக்குச் சொல்லப் போகும் டாக்டர் இந்த இரண்டு பேச்சுக்கும் ஒருங்கே உரியவர். கூனிப் போன குழந்தைகள் அவர் கையால் நிமிர்ந்து நின்றார்கள். அதே மனிதரும், அவர் வழியில் போனவர்களும் சொன்ன ஒரு வார்த்தையால், ஒரு நோயும் இல்லாத பச்சைக் குழந்தைகள் லட்சக்கணக்கில் கத்தியைச் சந்தித்தார்கள். அவர் பெயர் லூயிஸ் ஆல்பர்ட் ஸேயர். அமெரிக்காவில், நியூயார்க் நகரத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரும் புகழோடு விளங்கியவர்.

விஷயம் கொஞ்சம் கூச்சமானதுதான். ஆனால் குழந்தை பெற்றவர்களும் பேரன் பேத்தி எடுத்தவர்களும் படிக்கும் பத்திரிகையில் இதைப் பற்றிப் பேசாமல் வேறு எங்கே பேசுவது? நம் முஸ்லிம் சகோதரர்கள் 'சுன்னத்' என்று சொல்வதும், தமிழ் வேதாகமத்தில் 'விருத்தசேதனம்' என்று வருவதுமான காரியத்தைப் பற்றியது இது. ஆண் குழந்தையின் குறியின் முனையை மூடியிருக்கும் தோலை அகற்றுவதுதான் அது. யூதர்கள் குழந்தை பிறந்த எட்டாம் நாள் இதைச் செய்கிறார்கள். இவர்களுக்கெல்லாம் இது கடவுளோடு உள்ள பந்தம். அதைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல நான் வரவில்லை. மதத்தின் கட்டளை எதுவும் இல்லாத கோடிக்கணக்கான ஜனங்கள், வைத்தியத்தின் பேரால் இந்தக் காரியத்தை எப்படி மேற்கொண்டார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. அந்தக் கதையின் ஆரம்பத்தில் நிற்பவர் டாக்டர் ஸேயர்.

* * *

1820-ஆம் ஆண்டு பிப்ரவரி 29-ஆம் தேதி, நியூஜெர்ஸி மாகாணத்தில் இன்று மாடிஸன் என்று வழங்கும் ஊரில் ஸேயர் பிறந்தார். நான்கு வருஷத்துக்கு ஒரு முறைதான் அவருக்குப் பிறந்த நாள்! தகப்பனார் விவசாயி. பையனுக்குப் பத்து வயதாகும்போது தகப்பனார் காலமாகிவிட்டார். கெண்டக்கி மாகாணத்தில் லெக்ஸிங்டன் என்ற ஊரில் பாங்க் நடத்தி வந்த உறவினர் ஒருவர் பையனை அழைத்துப் போய் வளர்த்தார். பையன் பாதிரியாராக வேண்டும் என்பது அந்தப் பெரியவரின் ஆசை. பையனுக்கோ வைத்தியத்தின் மேல் மோகம். நியூயார்க்குக்கு வந்து, 1842-ல் வைத்தியப் பட்டம் பெற்றார்.

அந்தக் காலத்து நியூயார்க்கில் பெல்வியூ என்ற ஆஸ்பத்திரி ஏழைகளின் ஆஸ்பத்திரி. காசு உள்ளவர்கள் வீட்டுக்கே டாக்டரை வரவழைத்துக் கொள்வார்கள். இல்லாதவர்கள் பெல்வியூவுக்குப் போவார்கள். 1853-ல் ஸேயர் அங்கே ரண சிகிச்சை வைத்தியரானார். 1861-ல் அந்த ஆஸ்பத்திரியை ஒட்டி ஒரு வைத்தியக் கல்லூரி ஏற்பட்டபோது அதை நிறுவியவர்களில் அவரும் ஒருவர். எலும்பு மூட்டுச் சிகிச்சைக்கு அங்கே அவர் ஆசிரியரானார். அந்தத் துறைக்கென்று அமெரிக்காவில் ஏற்பட்ட முதல் ஆசிரியர் பதவி அதுதான் என்று சொல்வார்கள்.

நகரத்தின் சுகாதார உத்தியோகமும் சில வருஷங்கள் அவர் கையில் இருந்தது. அம்மை குத்துவதைக் கட்டாயமாக்க வேண்டும், வீதிகளையும் குடியிருப்புகளையும் சுத்தமாக வைத்திருக்க வேண்டும் என்று அவர் ஓயாமல் எழுதினார், பேசினார். 1854-லேயே, நோயுற்ற இடுப்பு மூட்டில் எலும்பை வெட்டியெடுக்கும் கடினமான சிகிச்சையை அவர் வெற்றிகரமாகச் செய்து காட்டியிருந்தார். அமெரிக்காவில் அதைச் சாதித்த முதல்வர்களில் அவர் ஒருவர்.

ஆனால் அவர் பெயரை உலகெங்கும் கொண்டு போனது வேறொன்று. முதுகெலும்பைக் காசநோய் தாக்கினால் எலும்பு அரித்துப் போய்ச் சரிந்து, குழந்தைகளுக்குக் கூன் விழுந்துவிடும். அதற்கு மருந்து கிடையாத காலம் அது. இரும்பாலும் தோலாலும் செய்த பாரமான சட்டங்களைப் பூட்டி வைப்பார்கள். அதை வாங்க ஏழைகளால் முடியாது. ஸேயர் ஓர் உபாயம் செய்தார். மூன்று காலுள்ள இரும்பு முக்காலி ஒன்றின் உச்சியிலிருந்து கப்பி கட்டி, குழந்தையின் மோவாய்க்கும் கக்கத்துக்கும் பட்டை கொடுத்து, கால் நுனி தரையில் படும்படியாக மெதுவாகத் தூக்குவார். உடம்பின் பாரத்தாலேயே முதுகு நீளும். அந்த நிலையிலேயே இடுப்பிலிருந்து மார்பு வரை, ஈரமான சாந்துத் துணியைச் சுற்றுவார். இன்று எலும்பு முறிவுக்கு மாவுக் கட்டுப் போடுகிறார்களே, அதே சாந்துதான். சற்று நேரத்தில் அது இறுகிச் சட்டை மாதிரி ஆகிவிடும். கூனிக் குறுகி வந்த குழந்தை நிமிர்ந்து நடந்து போகும். 1877-ல் இதைப் பற்றிப் படங்களோடு ஒரு புத்தகம் வெளியிட்டார். அதே வருஷம் இங்கிலாந்துக்குப் போய் அங்குள்ள டாக்டர்களுக்கும் செய்து காட்டினார்.

1880-ல் அமெரிக்க வைத்திய சங்கத்துக்கு அவர் தலைவரானார். சங்கத்துக்கென்று ஒரு வாரப் பத்திரிகை வேண்டும் என்று வற்புறுத்தியவர்களில் அவரும் ஒருவர். 1883-ல் தொடங்கிய அந்தப் பத்திரிகை இன்றும் உலகப் பிரசித்தமாக நடந்து வருகிறது. அவருடைய மூன்று மகன்களும் வைத்தியத் துறைக்கே வந்தார்கள். மகள் மேரி தகப்பனாரின் எழுத்து வேலைகளில் உறுதுணையாக இருந்தாள்.

இத்தனையும் எதற்காகச் சொல்கிறேன் என்றால், இந்த மனிதர் போலி வைத்தியர் அல்ல, ஏமாற்றுக்காரர் அல்ல, பணத்துக்காக எதையும் சொல்கிறவரும் அல்ல. அவருடைய காலத்தில், அவருடைய ஊரில், உங்கள் குழந்தைக்குக் கால் வளைந்திருந்தால் நீங்கள் தேடிக்கொண்டு ஓடியிருக்கக் கூடியவர் அவர்தான்.

* * *

1870-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் ஒரு நாள், டாக்டர் மேரியன் ஸிம்ஸ் என்பவரிடமிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது. மில்வாக்கி நகரத்துக் கனவான் ஒருவரின் மகனை வந்து பார்க்க வேண்டும் என்று ஸிம்ஸ் எழுதியிருந்தார்.

இந்த ஸிம்ஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரசவத்தில் ஏற்படும் ஒரு கொடிய புண்ணைத் தைத்து ஆற்றும் வழியைக் கண்டுபிடித்தவர் என்று அவரைக் கொண்டாடினார்கள். ஆனால் அந்த வழியை அவர் கற்றுக் கொண்டது, அலபாமா மாகாணத்தில், அடிமைகளாக இருந்த கறுப்பு இனப் பெண்களின் உடம்பில், மயக்க மருந்து கொடுக்காமல் திரும்பத் திரும்பக் கத்தி வைத்துத்தான். அனார்கா, லூஸி, பெட்ஸி என்று மூன்று பெண்களின் பெயர்கள் மட்டும் நமக்குக் கிடைத்திருக்கின்றன. நியூயார்க்கின் ஸென்ட்ரல் பூங்கா அருகே நின்ற ஸிம்ஸின் சிலையை 2018-ல் அப்புறப்படுத்தி விட்டார்கள்.

ஸேயர் போய்ப் பார்த்தார். பையனுக்கு ஐந்து வயது. வெளுத்து மெலிந்திருந்தான். முழங்கால்கள் இரண்டும் மடங்கியே இருந்தன. நிற்கவும் முடியவில்லை, நடக்கவும் முடியவில்லை. முதலில், கால் நரம்பு சுருங்கிவிட்டது போலும், அதை வெட்டிவிட வேண்டியதுதான் என்று நினைத்தார். தொட்டுப் பார்த்தபோது அப்படித் தோன்றவில்லை. தசைகளுக்கு வலுவில்லாமல் போயிருப்பதாகத் தெரிந்தது. மின்சாரம் பாய்ச்சிச் சோதிக்க முற்பட்டார். அப்போது குழந்தையைக் கவனித்து வந்த தாதி, "அங்கே படாமல் பார்த்துக் கொள்ளுங்கள், குழந்தைக்கு அந்த இடத்தில் ரொம்ப வலி" என்று எச்சரித்தாள்.

டாக்டர் அந்த இடத்தைக் கவனித்தார். முன்தோல் இறுகி, ஒட்டிக்கொண்டு, சிவந்து வீங்கியிருந்தது. அவருக்கு ஓர் எண்ணம் பளிச்சென்று உதித்தது. உடம்பின் ஒரு மூலையில் நரம்புக்கு எரிச்சல் ஏற்பட்டால் அது முதுகுத் தண்டு வழியாகப் போய் வேறொரு மூலையில் நோயை உண்டாக்கும் என்று அந்தக் காலத்துப் பெரிய வைத்திய சாஸ்திரிகள் நம்பி வந்தார்கள். இந்தக் குழந்தையின் கால் விழுந்ததற்கும் அதுதான் காரணமோ?

மறுநாளே பையனைப் பெல்வியூவுக்கு வரவழைத்தார். மாணவர்கள் சூழ்ந்து நிற்க, குளோரோபாரம் கொடுத்து, அந்தத் தோலை நீக்கினார். காலில் கத்தி வைக்கவே இல்லை.

அன்றிலிருந்தே பையனின் முகம் தெளிந்தது. நன்றாகத் தூங்கினான், நன்றாகச் சாப்பிட்டான். இரண்டு வாரத்துக்குள் கால்களை நீட்டினான். பிறகு எழுந்து நடக்கவும் தொடங்கினான்.

டாக்டர் ஸேயரின் நெஞ்சு எப்படி விம்மியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்! இதே மாதிரி வேறு சில குழந்தைகளுக்கும் செய்தார். அவர்களில் சிலரும் தேறினார்கள். அதே வருஷம் அமெரிக்க வைத்திய சங்கத்தின் முன் ஒரு கட்டுரை படித்தார். 1875-ல் இன்னொன்று. 1887-ல் வாஷிங்டனில் கூடிய சர்வதேச வைத்திய மகாநாட்டில் மேலும் ஒன்று. கால் விளங்காமை, இடுப்பு மூட்டு நோவு, வலிப்பு, மனக் கோளாறு என்று அந்தத் தோலின் தலையில் சுமத்தப்பட்ட குற்றங்களின் ஜாபிதா நீண்டுகொண்டே போயிற்று. மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளை வைத்திருந்த ராண்டல் தீவு விடுதிக்கும் போய்ச் சில குழந்தைகளுக்கு இதைச் செய்து பார்த்தார். அங்கே அதிசயம் ஒன்றும் நிகழவில்லை. ஆனால் நடக்காத அதிசயத்தைப் பற்றி ஊர் பேசுவதில்லை அல்லவா?

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தப் பையனின் விஷயத்தில் எதையெல்லாம் காக்கை என்று சொல்லலாம் என்று யோசித்துப் பாருங்கள். ரணமாயிருந்த இடம் ஆறியது, வலி போயிற்று, தூக்கம் வந்தது, பசி எடுத்தது, நாட்டின் பெரிய டாக்டர் வந்து பார்த்தார், வளரும் பருவத்துக்கு உரிய தெம்பும் இருந்தது. குழந்தைகளின் பல நோய்கள் நாளடைவில் தாமாகவே விலகுவதை நாமே பார்த்திருக்கிறோம். அந்தத் தோல் இருப்பதனால் கால் விளங்காமல் போகும் என்பதை இன்றைய வைத்திய சாஸ்திரம் ஒப்புக்கொள்வதில்லை. 1880-களிலேயே நரம்பு நோய் நிபுணர்கள் சிலர் இதைச் சந்தேகித்தார்கள். ஆனால் சந்தேகிக்கிறவர் சொல்லுக்கும், சங்கத்தின் தலைவர் சொல்லுக்கும் ஒரே மதிப்பா கிடைக்கும்?

* * *

கடலுக்கு அந்தப் பக்கம், லண்டனிலும் ஒரு பெரிய டாக்டர் இதே கட்சியில் இருந்தார். அவர் ஜோனதன் ஹட்சின்ஸன். பிறவி மேக நோயைக் குழந்தையின் பல்லைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று காட்டியவர். அந்தப் பற்களுக்கு இன்றும் அவர் பெயர்தான். யூத நோயாளிகளிடம் மேக நோய் குறைவாகக் காணப்படுவதை 1855-ல் எழுதினார். பிற்பாடு, எல்லா ஆண் குழந்தைகளுக்கும் இதைச் செய்வது நல்லது என்று வாதாடினார். இதே ஹட்சின்ஸன்தான், கெட்டுப்போன மீனைத் தின்பதால்தான் குஷ்டம் வருகிறது என்றும் கடைசி வரை சாதித்தவர். குஷ்டத்தின் கிருமியை நார்வே தேசத்து ஹான்ஸன் 1873-லேயே கண்டுபிடித்து விட்டார். அதற்கு முப்பது வருஷத்துக்குப் பிறகும் ஹட்சின்ஸன் தம் மீன் கட்சிக்கு ஆதாரம் தேடி இந்தியாவில் சுற்றுப் பயணம் செய்தார்! ஒரே மூளையில் பெரிய உண்மையும் பெரிய பிரமையும் பக்கத்துப் பக்கத்தில் குடியிருக்கலாம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

நாளடைவில் ஸேயர் சொன்ன காரணம் பின்னுக்குப் போயிற்று. புதிய காரணங்கள் முன்னுக்கு வந்தன. சிறுவர்களின் கெட்ட பழக்கத்துக்கு இது மருந்து என்று 1888-ல் டாக்டர் கெல்லாக் எழுதினார். காலைச் சிற்றுண்டிக்குச் சோள அவல் உலகமெங்கும் விற்கிறதே, அந்தக் குடும்பத்துப் பெரியவர்தான். மயக்க மருந்து கொடுக்காமல் செய்தால் அந்த வலியே தண்டனையாக இருக்கும் என்று வேறு அவர் யோசனை சொன்னார். அப்புறம், சுத்தம் என்றார்கள், நாகரிகம் என்றார்கள். பெண்கள் வீட்டில் பெறுவது போய் ஆஸ்பத்திரியில் பெறுவது வழக்கமானபோது, பிறந்த ஓரிரு நாளில் இதையும் செய்து அனுப்புவது அமெரிக்காவில் சகஜமாகிவிட்டது. இங்கிலாந்தில் ஏழை வீடுகளைவிடப் பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கே அதிகம் செய்தார்கள். காரணம் போய்விட்டாலும் காரியம் நின்றுவிட்டது.

சகோதரிகளே, இந்த 'நரம்பு எரிச்சல்' சித்தாந்தம் பெண்களையும் விட்டு வைக்கவில்லை. லண்டனில் ஐஸக் பேக்கர் பிரவுன் என்ற பிரபல ரண சிகிச்சை நிபுணர், பெண்களின் வலிப்புக்கும் சித்தப் பிரமைக்கும் மறைவிடத்து நரம்பே காரணம் என்று சொல்லி, அந்த உறுப்பையே அறுத்தெறிந்து வந்தார். 1866-ல் அதைப் பெருமையாகப் புத்தகமாகவும் போட்டார். என்ன செய்கிறார்கள் என்று சரியாகச் சொல்லாமலே அந்தப் பெண்களுக்குச் செய்யப்பட்டது என்று குற்றச்சாட்டு எழுந்தது. 1867-ல் லண்டன் பிரசவ வைத்திய சங்கம் கூடி, 194 வோட்டுக்கு 38 என்ற கணக்கில் அவரை வெளியேற்றியது. அவர் வறுமையில் வாடி 1873-ல் இறந்தார். பெண்களுக்குச் செய்யும் இந்தக் கொடுமையையும் ஆண் குழந்தைகளின் சுன்னத்தையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. முன்னது பல மடங்கு கொடியது, அதனால் நன்மை எதுவும் கிடையாது. ஆனால் இரண்டுக்கும் டாக்டர்கள் அன்று சொன்ன சாக்கு மட்டும் ஒன்றுதான். ஒருவரை மூன்றே வருஷத்துக்கு முன் தள்ளி வைத்த அதே சித்தாந்தத்துக்கு, மற்றவர் 1870-ல் மேடையில் கைதட்டு வாங்கினார்!

* * *

ஏறக்குறைய எண்பது வருஷம் கழித்துத்தான், உட்கார்ந்து எண்ணிப் பார்த்த ஒருவர் வந்தார். அவர் கேம்பிரிட்ஜ் நகரத்துக் குழந்தை வைத்தியர் டக்ளஸ் கேர்ட்னர். 1949 டிசம்பரில் பிரிட்டிஷ் வைத்தியப் பத்திரிகையில் அவர் கட்டுரை வெளிவந்தது.

அவர் செய்தது மிகவும் எளிய காரியம். பிறந்த குழந்தைகளையும் சிறு குழந்தைகளையும் வரிசையாகப் பரிசோதித்தார். பிறந்த குழந்தைகளில் நூற்றுக்கு நான்கு பேருக்குத்தான் அந்தத் தோல் முழுதும் பின்னுக்கு வந்தது. மற்றவர்களுக்கெல்லாம் அது உள்ளே ஒட்டிக்கொண்டே இருந்தது. அது நோயல்ல, கருவிலே உண்டான உறுப்பு இன்னும் பிரிந்து முடியவில்லை, அவ்வளவுதான். வளர வளரத் தானே பிரிந்துவிடுகிறது. மூன்று வயதுக்குள் பத்துக்கு ஒன்பது பேருக்குச் சரியாகிவிடுகிறது என்று அவர் கணக்கிட்டார். டென்மார்க்கில் யாக்கோப் ஊஸ்டர் என்பவர் பள்ளிச் சிறுவர்களை வருஷக் கணக்காகப் பார்த்து 1968-ல் எழுதியபோது, இன்னும் நிதானமாக, பதினாறு பதினேழு வயது வரைகூட இது நடந்துகொண்டிருக்கும் என்று தெரிந்தது.

ஸேயர் 'ஒட்டியிருக்கிறது, ஆகவே நோய்' என்று எழுதியதை இப்போது மறுபடி நினைத்துப் பாருங்கள். மூடிய மொக்கைப் பார்த்து 'இந்தப் பூவுக்கு வியாதி' என்று சொன்ன மாதிரிதான்!

கேர்ட்னர் இன்னொரு கணக்கையும் எடுத்தார். இந்தச் சிறிய சிகிச்சையால், பெரும்பாலும் மயக்க மருந்தின் கோளாறால், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வருஷத்துக்குச் சுமார் 16 சிறு குழந்தைகள் இறந்துகொண்டிருந்தார்கள். 1948-ல் அங்கே அரசாங்கத்தின் இலவச வைத்தியத் திட்டம் வந்திருந்தது. நோய் எதுவும் இல்லாமல் வழக்கத்துக்காகச் செய்வதற்கு அதில் இடமில்லாமல் போயிற்று. ஒரு தலைமுறைக்குள் அந்த நாட்டில் வழக்கம் மங்கிவிட்டது. சட்டம் போடவில்லை, சண்டை போடவில்லை. எண்ணிப் பார்த்தார்கள், விட்டுவிட்டார்கள்.

அமெரிக்காவில் அப்படி நடக்கவில்லை. 1971-லேயே அந்நாட்டுக் குழந்தை வைத்தியர்களின் சங்கம், பிறந்த குழந்தைக்கு இதைச் செய்ய வைத்திய ரீதியான அவசியம் இல்லை என்று சொன்னது. ஆனாலும் 1979-ல் ஆஸ்பத்திரிகளில் பிறந்த ஆண் குழந்தைகளில் நூற்றுக்கு 64 பேருக்குமேல் செய்யப்பட்டது. 2010-லும் 58 பேருக்கு.

* * *

இந்தப் புள்ளிவிவரமெல்லாம் எனக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். என் மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். அவளுக்கு ஆண் குழந்தை பிறந்த மறுநாள், இங்கே நடுநிசியில் டெலிபோன் மணி அடித்தது.

"அம்மா, இங்கே நர்ஸ் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து கையெழுத்துக் கேட்கிறாள். குழந்தைக்கு அதைச் செய்யணுமா வேண்டாமான்னு நாங்களே சொல்லணுமாம். இவர் முழிக்கிறார். நீ என்னம்மா சொல்றே?"

"டாக்டர் என்னடி சொல்கிறார்?"

"உங்கள் இஷ்டம்னு சொல்றார்."

"அப்படியானால் குழந்தைக்கு ஏதாவது கஷ்டம் இருக்கிறதா என்று கேள். கஷ்டம் இல்லை, அவசரமும் இல்லை என்றால் கையெழுத்துக்கு என்ன அவசரம்?"

அவள் கேட்டாள். கஷ்டம் ஒன்றும் இல்லை என்று டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னாராம். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நர்ஸும் முகம் கோணாமல் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். நம் பக்கத்து வீடுகளிலிருந்து போய் அங்கே பிரசவிக்கும் எத்தனையோ பெண்களிடம் இந்தக் காகிதம் நீட்டப்படுகிறது. பிரசவித்த அலுப்பில், கண் சொருகும் நேரத்தில், அது என்னவென்று தெரியாமல் விழிக்கிற பெண்களுக்காகத்தான் நான் இத்தனையும் தேடிப் படித்தேன். அப்படித் தேடும்போது எதிர்ப்பட்டவர்தான் டாக்டர் ஸேயர்.

* * *

நியாயமாகப் பேச வேண்டுமானால் மறு பக்கத்தையும் சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்கா, கென்யா, உகாண்டா ஆகிய மூன்று நாடுகளில் ஆயிரக்கணக்கான வாலிபர்களை வைத்து நடத்திய முறையான சோதனைகளின் முடிவுகள் 2005-க்கும் 2007-க்கும் இடையில் வெளிவந்தன. சுன்னத் செய்துகொண்ட ஆண்களுக்குப் பெண்களிடமிருந்து எய்ட்ஸ் கிருமி தொற்றுவது ஏறத்தாழ அறுபது சதவீதம் குறைந்தது. அந்த நோய் தலைவிரித்தாடும் நாடுகளுக்கு இதை ஒரு தடுப்பு வழியாக உலக சுகாதார ஸ்தாபனம் 2007-ல் சிபாரிசு செய்தது. இது காக்கையும் பனம்பழமும் அல்ல. எண்ணிப் பார்த்து, ஒப்பிட்டுப் பார்த்துச் சொன்னது. ஆனால் அந்தச் சோதனைக்கு உட்பட்டவர்கள் வயது வந்தவர்கள். தாமே சம்மதித்து வந்தவர்கள். வேறு தேசத்தில், வேறு நிலைமையில், தொட்டிலில் கிடக்கும் சிசுவுக்கு அதே நியாயம் பொருந்துமா என்பதில்தான் வாதம் நடக்கிறது.

அமெரிக்கக் குழந்தை வைத்தியர்களின் சங்கம் 2012-ல், இதில் தீங்கைவிட நன்மை அதிகம், ஆனால் எல்லாக் குழந்தைகளுக்கும் செய்யுங்கள் என்று சொல்லும் அளவுக்கு அந்த நன்மை பெரிதல்ல, பெற்றோர் தீர்மானிக்கட்டும் என்றது. ஐரோப்பிய டாக்டர்கள் பலர் அதை மறுத்தார்கள். அதே 2012-ல் ஜெர்மனியில் கொலோன் நகரத்துக் கோர்ட்டு ஒன்று, மதத்துக்காகக் குழந்தைக்கு இதைச் செய்வதும் காயப்படுத்துவதே என்று தீர்ப்புக் கூறியது; யூதர்களும் முஸ்லிம்களும் கலங்கிப் போனார்கள். அந்த வருஷ முடிவுக்குள்ளேயே ஜெர்மன் பார்லிமெண்டு, முறைப்படி செய்தால் குற்றமில்லை என்று சட்டம் இயற்றியது. விவாதம் இன்னும் ஓயவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் இரு கட்சிக்கும் பேதமில்லை: செய்வதானால் குழந்தைக்கு வலி தெரியாமல் செய்ய வேண்டும். 'பிறந்த குழந்தைக்கு வலி ஏது?' என்று நினைத்திருந்த காலம் ஒன்று உண்டு. வலி நீக்கும் மருந்து அவசியம் கொடுக்க வேண்டும் என்று அந்த அமெரிக்கச் சங்கமே 1999-ல் எழுதியது. ஒரு தாயைக் கேட்டிருந்தால் அதை அன்றே சொல்லியிருப்பாள்.

* * *

டாக்டர் ஸேயர் 1900-ஆம் வருஷம் செப்டம்பர் 21-ஆம் தேதி, எண்பது வயது நிரம்பிக் காலமானார். அவர் போட்ட சாந்துச் சட்டையும் இப்போது அந்த வியாதிக்குத் தேவைப்படுவது குறைந்துவிட்டது. காசநோய்க்கு மருந்து வந்துவிட்டது. அம்மை குத்த வேண்டும் என்று அவர் போராடியது முழு வெற்றி பெற்று, பெரியம்மையே 1980-ல் உலகத்தை விட்டுப் போய்விட்டதாக அறிவித்து விட்டார்கள். ஆக, அவர் செய்த நல்ல காரியங்கள் வேலை முடிந்து ஓய்வு பெற்றுவிட்டன. ஐந்து வயதுப் பையனைப் பார்த்து அவர் செய்த ஊகத்திலிருந்து கிளம்பிய வழக்கம்தான் இன்னும் ஓய்வு பெறாமல் உழைத்துக்கொண்டிருக்கிறது!

அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. நடக்க முடியாத குழந்தையை நடக்க வைக்க வேண்டும் என்றுதான் அவர் துடித்தார். பையன் நடந்ததைக் கண்ட சந்தோஷத்தில், அடுத்த கேள்வியைக் கேட்க மறந்துவிட்டார். "இதைச் செய்யாமல் விட்டிருந்தாலும் இவன் நடந்திருப்பானோ?" என்பதுதான் அந்தக் கேள்வி. அவர் கேட்கவில்லை, அவரிடம் படித்தவர்கள் கேட்கவில்லை, ஆசிரியர் சொன்னாரே என்று அவர்களுடைய மாணவர்களும் கேட்கவில்லை.

ஆகவே, சகோதரிகளே, அந்தக் கேள்வியை நாம் கேட்போம். மூக்கில் சதை வளர்ந்திருக்கிறது, தொண்டையில் கட்டி இருக்கிறது, வயிற்றில் பிரசவம் சிக்கலாகும் போலிருக்கிறது என்று டாக்டர் கத்தியைப் பற்றிப் பேசும்போதெல்லாம், மரியாதையாக, கையைக் கட்டிக்கொண்டே கூடக் கேட்கலாம்: "டாக்டர், இப்போதே செய்யாவிட்டால் என்ன ஆகும்? கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தால் ஆபத்து உண்டா?" அவசரமான சிகிச்சையாக இருந்தால் நல்ல டாக்டர் அப்போதே விளக்கிச் சொல்வார், நாமும் தைரியமாகக் கையெழுத்துப் போடலாம். பொறுக்கலாம் என்றால் அதையும் அவரே சொல்லிவிடுவார். கேட்டதற்காகக் கோபித்துக்கொள்ளும் டாக்டர்கள் இந்தக் காலத்தில் குறைவு.

அன்று அந்தப் பையனின் வலியை முதலில் கவனித்துச் சொன்னது யார் என்று நினைவிருக்கிறதா? பெரிய டாக்டர்கள் இருவரும் அல்ல. தினமும் குழந்தையைத் தூக்கிக் குளிப்பாட்டி வந்த அந்தத் தாதிதான். புண்ணாயிருந்த இடத்தை அவள் சரியாகவே சொன்னாள். அதை ஆற்றியதோடு டாக்டர் நிறுத்தியிருந்தால், அவர் பெயரை நாம் சாந்துச் சட்டைக்காக மட்டும் நினைத்துக் கொண்டிருப்போம்.